தாழியை உடைத்தவன்

எங்கள் பெரிய மாமா சிங்கப்பூரில் கிரேக்கர்களின் பழங்கால வரலாற்றைப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம், விடுமுறைக்கு எங்கள் ஊரான காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் அவருக்குப் பொறுக்காது. பழைய கோட்டை வாசலைக் கட்டியது யார் என்று கடைக்காரர் ஏதோ சொல்லிவிட, தட்டிலிருந்த ரொட்டி சானாய் ஆறிப்போகும்வரை திருத்திக்கொண்டிருந்தார்.

என் பாடப்புத்தகத்தில் ஒரு கிரேக்க ஞானியின் படம் இருந்தது. வீடு வேண்டாமென்று பீப்பாய்க்குள் குடியிருந்தவர். பார்க்க வந்த ராஜாவையே, வெயிலை மறைக்காமல் தள்ளி நில் என்றவர்.

"பீப்பாய் தப்பு. அது மண் தாழி," என்றார் மாமா.

அப்பா விடவில்லை. "அவருக்கு ஒரு தாழி போதும். அவரைப் படிக்கிற மச்சானுக்கு ரெண்டு பெட்டி புத்தகம், இஸ்திரி போட்ட சட்டை, வேளைக்குக் காப்பி."

"அவர் எழுதினது ஒண்ணும் மிஞ்சலை மாப்பிள்ளை. அதான் இத்தனை புத்தகத்துல தேட வேண்டியிருக்கு. காப்பிக்கு மட்டும் பதில் இல்லை."

எனக்கு ஞானிதான் பெரியவராகத் தெரிந்தார். ஆனால் தாழிக்குள் எப்படிப் படுப்பது? மறுநாள் காலை, தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்த் தாழியை அம்மா கழுவிக் கிணற்றடியில் சாய்த்திருந்தார். உள்ளே நுழைந்து முழங்காலை மடக்கிப் படுத்தேன். ஞானி தூக்கத்தில் புரண்டிருப்பாரே என்று நானும் புரண்டேன். தாழியும் புரண்டு கிணற்றுச் சுவரில் மோதியது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. தாழி நான்கு துண்டு.

அம்மா ரோத்தான் பிரம்போடு வந்தார். மாமா காப்பிக் கோப்பையோடு குறுக்கே நின்றார்.

"இரும்மா. அந்த ஞானியோட தாழியையும் ஒரு பையன் உடைச்சான். ஊர்க்காரங்க அவருக்குப் புதுத் தாழி கொடுத்தாங்க."

"அந்தப் பையனை என்ன செஞ்சாங்க?" என்றார் அம்மா.

மாமா குனிந்து ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவனைப் பத்தி ஒண்ணும் எழுதி வைக்கலை."

அம்மாவின் கை இறங்கியது. "அப்ப நீங்க வாங்கிக் கொடுங்க அண்ணே."

சாயங்காலம் மூன்று சக்கரத் திரிஷா வண்டியில், புதுத் தாழியைக் கட்டிப்பிடித்தபடி மாமா வந்து இறங்கினார். எல்லாம் தெரிந்தவருக்கு அந்தப் பையனுக்கு என்ன ஆனது என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போனது என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பல வருஷம் கழித்து, மாமாவின் பெட்டியிலிருந்து எனக்கு வந்த புத்தகத்தில் அந்தக் கதையைப் படித்தேன். பையனைச் சவுக்கால் அடித்துவிட்டுத்தான் புதுத் தாழி கொடுத்தார்களாம். அந்த வரிக்குக் கீழே மாமா எப்போதோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

பிள்ளைகளே, ராஜாவிடம் உண்மையைச் சொல்ல அந்த ஞானி பயப்படவில்லை. ஆனால் எனக்காகத் தெரிந்த உண்மையை விழுங்கிக்கொண்டு, கையில் காப்பியோடு குறுக்கே நின்றாரே மாமா, நான் அவர் பக்கம்.