பெருங்காயம் உடைத்த அறை

இன்று வேலை முடிந்து களைத்து வந்து பெருங்காய டப்பாவைத் திறந்ததும், குவீன் ஸ்திரீட் பின்சந்தில் இப்போது ஹோட்டலாகிவிட்ட கட்டடத்தில் இருந்த எங்கள் வாடகை அறை நினைவுக்கு வந்தது. அம்மா அங்கேதான் ஒரு மளிகைக் கடைக்காகப் பெருங்காயக் கட்டிகளைச் சுத்தியலால் உடைப்பார். அந்தப் பிசினிலுள்ள கந்தகத்தின் வாடை எங்கள் துணி, தலையணை, சோறு எல்லாவற்றிலும் ஏறியிருக்க, மாடியில் குடியிருந்த மேரியக்கா மூக்கைப் பொத்திக்கொண்டே படியேறுவார். ஒரு மாலை அவரே கைக்குழந்தையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“அக்கா, பிள்ளைக்கு வயிறு உப்பிப்போச்சு, கொஞ்சம் பாருங்க லா.”

அம்மா ஒரு பெருங்காயத் துணுக்கை வெந்நீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினார். காற்றுப் பிரிந்து குழந்தை உறங்கியது. அதை மடியில் வைத்தபடியே அம்மாவும் சுவரில் சாய்ந்து உறங்கிவிட்டார். எழுப்பப் போன என்னை மேரியக்கா தடுத்தார்.

“தூங்கட்டும் விடு.”

பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, இருட்டும்வரை ஓர் அட்டையால் இருவருக்கும் விசிறிக்கொண்டிருந்தார்.