வண்டிக்குள் இருந்த அண்ணாச்சி

பேய் பார்க்க வரும்படி கொம்பையாவை யாரும் அதற்கு முன் அழைத்ததில்லை.

கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலையோரம் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவர் அவர். மனைவி பாலம்மாள் கண்ணை மூடிய பிறகு, ஒயர்களைத் தவிர அவருக்குப் பேச்சுத்துணை இல்லை. கரிசல் புழுதி ஏறிய சட்டையோடு, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ராஜமணி அண்ணாச்சியின் வீட்டுக் கார் ஷெட்டுக்குள் நுழைந்தார்.

ராஜமணி சித்திரையில் அங்கே நின்ற காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மாரடைப்பில் போனவர். ஆவணி பிறந்ததும் காருக்கு உயிர் வந்துவிட்டது. சாவி போடாமலே ஹாரன் அடிக்கும். காய்ந்த கண்ணாடியை வைப்பர் துடைக்கும். போன வாரம் மகள் சத்யபிரியா கைக்குழந்தையைப் பின்சீட்டில் கிடத்திவிட்டு, வெளியே இருந்த பையை எடுக்கத் திரும்பினாள். சாவி உள்ளே. நான்கு கதவும் தாமாகவே பூட்டிக்கொண்டன. உச்சி வெயிலில் கண்ணாடியை உடைத்துத்தான் பிள்ளையை மீட்டார்கள்.

"சரிபண்ணிக் குடுங்க அண்ணே. இன்னொருக்கா பூட்டுனா என் புள்ள என்னத்துக்கு ஆகும்?" என்றாள் சத்யபிரியா.

அவள் தாய் மீனாட்சியம்மாள் காரின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. "பேரப்பிள்ளை மொகத்தப் பாக்காமப் போன மனுசன். பக்கத்துல வச்சுக்கிடணும்னு பூட்டியிருக்காவ. அவியளத் தொரத்தவா வந்திருக்க கொம்பையா?"

கொம்பையா காருக்குள் குனிந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே கையை நீட்டினார். ஹாரன் மெல்ல முனகியது. கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியும் இழுக்காமல், பேட்டரியைக் கழற்றிவிட்டு, உள்ளேயிருந்த கறுப்புப் பெட்டியை வெளியே எடுத்தார்.

"பழைய வண்டியில சுவிட்சத் தட்டுனா கரண்டு நேரா வெளக்குக்குப் போவும். இதுல அப்படி இல்லம்மா. எல்லாச் சுவிட்சும் இந்தப் பெட்டிகிட்டதான் கேக்கும். வெளக்கு, ஹாரன், வைப்பர், கதவுப் பூட்டு எல்லாத்துக்கும் உத்தரவு போடுதது இதுதான்."

ஒயர்கள் சொருகும் வாயில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அதன் ஓரமெல்லாம் மஞ்சள். முகர்ந்து பார்த்தார்.

"இங்கன தண்ணி ஊத்துனது யாரு?"

"நான்தான்," என்றாள் மீனாட்சியம்மாள். "உசுரு போன எடமில்லையா? வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சளும் கல்லுப்பும் கரைச்சு ஸ்டியரிங்குல விடுதேன்."

"அந்த உப்புத்தண்ணிதான் ஒயருக்கு ஒயர் பாலம் போட்டிருக்கு. யாரும் தட்டாமலே தட்டுன மாதிரி பெட்டிக்குத் தெரிஞ்சிருக்கு."

"அப்ப... அவிய வரலையா?"

சத்யபிரியா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஒம் பொண்டாட்டி ஒனக்கு ஒருநாளாவது வந்தாளா? சொல்லு," என்றாள் மீனாட்சியம்மாள். குரலில் குத்தல் இருந்தது; கெஞ்சலும் இருந்தது.

"என் வீட்டுல ஒரு பல்பு கூட மினுங்கலம்மா. மினுங்கியிருந்தா நானும் ரிப்பேர் பாத்திருக்க மாட்டேன். ஆனா இங்கன ஒரு பச்சப்புள்ள இருக்கு."

அவள் குழந்தையைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள். சித்திரையில் அறுத்த தாலி இப்போதுதான் கழுத்தைவிட்டு இறங்கியது போலிருந்தது அவள் முகம்.

"மாத்திரு," என்றாள்.

மதுரையிலிருந்து புதுப் பெட்டி வந்தது. கொம்பையா அதை மாட்டி, கம்ப்யூட்டர் வழியாக அந்த வண்டிக்குப் பழக்கி, ஒவ்வொரு பூட்டாகச் சோதித்தார். ஹாரன் வாய் திறக்கவில்லை. வைப்பர் அசையவில்லை. அந்த அமைதி மீனாட்சியம்மாளைத் தின்றது. டிரைவர் சீட்டை ஒரு தடவை தடவிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கதவு மூடியும் உள்விளக்கு அணையவில்லை. கொஞ்ச நேரம் எரிந்தது. அப்புறம் மெல்ல மெல்லக் குறைந்தது.

அவள் திடுக்கிட்டுக் கொம்பையாவைப் பார்த்தாள். 'அண்ணாச்சிதான்' என்றொரு பொய் அவர் நாக்கு நுனி வரை வந்து திரும்பியது.

"அது பெட்டியோட வழக்கம்மா. ஆள் எறங்குன ஒடனே இருட்டாக்காது. கொஞ்சம் பொறுத்துதான் அணைக்கும்."

"எங்க அவியளும் அப்படித்தான். நான் வீட்டுக்குள்ள ஏறுத வரைக்கும் வெளக்கப் போட்டுக்கிட்டே நிப்பாவ," என்றாள்.

கொம்பையா கதவைத் திறந்து மறுபடியும் சாத்தினார். அந்த வெளிச்சம் அடங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.