ஐனோவின் பையும் ஆற்றிங்கல் பஸ்ஸும்

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பஸ்ஸைத் துரத்தினேன். கொட்டுகிற மழையில், ஆட்டோவில் உட்கார்ந்து, "சேட்டா, வேகம்… வேகம்!" என்று கத்திக்கொண்டே! பக்கத்தில் ஒரு ஃபின்லாந்துக்காரி.

"மோளே, இது ஆட்டோ. ஏரோப்ளேன் அல்ல!" என்றார் ஆட்டோ சேட்டன்.

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

ஐனோ எங்கள் கம்பெனியின் ஹெல்சிங்கி ஆபீஸிலிருந்து ஒரு வருடத்துக்காகத் திருவனந்தபுரம் வந்திருக்கும் இன்ஜினீயர். கழக்கூட்டத்தில் ஐடி பார்க் பக்கத்திலேயே ஃபிளாட் கொடுத்தார்கள். "ஆபீஸுக்குள்ளேயே தூங்குகிற மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, நான் வாடகைக்கு இருக்கும் கரமனைக்கே குடி வந்துவிட்டாள். என் தெருவிலேயே ஒரு மாடி அறை. அப்புறமென்ன, அவளுக்கு ஊரைப் பழக்கும் பொறுப்பு என் தலையில்!

பெருமையாகத்தான் ஏற்றுக்கொண்டேன். போனக்காடு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்த வீட்டுப் பெண் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள். அந்த நான் ஒரு வெளிநாட்டு இன்ஜினீயருக்கு வாத்தியார் என்றால் சும்மாவா?

மாணவி நல்ல மாணவி. ஹோட்டலில் இளஞ்சிவப்பாக, சுடச்சுட வரும் பதிமுகத் தண்ணீரைக் கை கழுவ வைத்தது என்று நினைத்து முதல் நாள் விரலை முக்கினாள். இரண்டாவது வாரம், "இன்னும் கொஞ்சம் சூடாக" என்று கேட்டு வாங்கிக் குடித்தாள்!

பஸ்தான் பிரச்சினை. அவள் ஊரில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஒருவர் இருந்தால், அடுத்தவர் பக்கத்தில் உட்கார மாட்டாராம். நின்றுகொண்டே வருவாராம். பஸ் ஸ்டாப்பில்கூட ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு மாடு நிற்கிற அளவுக்கு இடைவெளி விடுவார்களாம். அப்படிப்பட்டவளைக் கழக்கூட்டம் வழியாகப் போகும் காலை எட்டரை மணி ஆற்றிங்கல் பஸ்ஸில் ஏற்றினால் என்ன ஆகும்?

இரண்டாவது நாளே ஆனது. ஐனோ தோளில் லேப்டாப் பையோடு நசுங்கிக்கொண்டு நின்றாள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சேச்சி, ஒரு வார்த்தை பேசாமல், பையின் வாரைப் பிடித்து இழுத்தார். "நோ!" என்று ஐனோ போட்ட சத்தத்தில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

சேச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, ஞான் கள்ளியொந்நும் அல்ல மோளே!" என்றார். நான் திருடி ஒன்றும் இல்லை என்று அதற்கு அர்த்தம். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

இறங்கியதும் விளக்கினேன். இங்கே நிற்கிறவர்களின் பை உட்கார்ந்திருப்பவர்களின் மடிக்குப் போய்விடும். கேட்க வேண்டாம். நன்றி சொல்லவும் வேண்டாம். அதுதான் வழக்கம்.

"அந்தப் பெண்ணை உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பெயர்?"

"அதுவும் தெரியாது."

"பிறகு எப்படிக் கொடுப்பது?"

"ஒன்றும் ஆகாது ஐனோ. நான் கேரண்டி!"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். இந்த 'கேரண்டி'யைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அவளைப் பார்க்க வேண்டுமே! பஸ் ஏறி ஒரு காலை ஊன்றுவதற்குள் பையை யார் மடியிலாவது வைத்துவிடுவாள். சீட் கிடைத்தால் இன்னும் மோசம்… நிற்கிறவர்களிடமிருந்து பிடுங்காத குறை. ஒரு நாள் அவள் மடியில் மூன்று பை, ஒரு குடை, ஒரு கட்டு முருங்கைக்கீரை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குழந்தை! உலகக் கோப்பையை வாங்கிய மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

மழை. பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. தம்பானூரில் ஏறி உட்கார்ந்த, மஞ்சள் சேலை கட்டிய ஓர் அக்கா ஐனோவின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கழக்கூட்டம் வந்தது. "இறங்கு, இறங்கு" என்று நான் பின்னாலிருந்து தள்ள, இருவரும் மழையில் குதித்து ஓடினோம். ஆபீஸ் கேட்டில் ஐடி கார்டைக் காட்ட வேண்டும். ஐனோ தோளைத் தடவினாள். மறு தோளைத் தடவினாள். என்னைப் பார்த்தாள்.

பை இல்லை!

உள்ளே லேப்டாப். லேப்டாப்பில் மதியம் மூன்று மணி டெமோவுக்காக அவள் மூன்று வாரம் உட்கார்ந்து செய்த வேலை. அதை ஏன் சர்வரில் ஏற்றி வைக்கவில்லை என்று ஐடி வாசகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஏற்றவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஆபீஸில் ஒரு விதி உண்டு. லேப்டாப் தொலைந்தால் ஒரு மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். சொன்ன அடுத்த நிமிடம், அது எங்கே இருந்தாலும் உள்ளே இருப்பதையெல்லாம் இங்கிருந்தே துடைத்து அழித்துவிடுவார்கள். அழித்தால் டெமோ காலி. சொல்லாமல் விட்டு, பையும் கிடைக்காமல் போனால்… ஐனோ அடுத்த விமானத்தில் ஹெல்சிங்கி.

கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு நிமிடம் போயிருந்தது.

அதனால்தான் அந்த ஆட்டோ. ஏரோப்ளேன் அல்ல என்று சொன்ன சேட்டன், விஷயம் தெரிந்ததும் ஏரோப்ளேனாகவே ஓட்டினார். கணியாபுரம் தாண்டி, மங்கலபுரத்தில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்ற பஸ்ஸைப் பிடித்தோம். நனைந்துகொண்டே ஓடிப்போய் ஏறினேன். அந்த சீட்டில் வேறு யாரோ!

"ஆ மஞ்சள் சேலைக்காரியா? அவங்க கணியாபுரத்துல இறங்கியாச்சே. பேகும் கொண்டு போயி" என்றார் கண்டக்டர், நான் தமிழில் கேட்டதைப் பார்த்து, பாதித் தமிழில்.

"பையோடவா?"

"நான் கேட்டேன் கேட்டோ… எங்கிட்ட தா, டிப்போல ஏல்பிக்காம்னு சொன்னேன். அவங்க தரலை."

டிப்போவில் ஒப்படைக்கிறேன் என்று கண்டக்டர் கேட்டும் தரவில்லை! போச்சு. தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆட்டோவுக்குத் திரும்பி, போனை எடுத்து, ரிப்போர்ட் செய்யும் நம்பரைத் தேடினேன்.

ஐனோ என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு நேரம் ஆகிறது?"

"முப்பத்தொரு நிமிடம்."

"அப்படியானால் இன்னும் நேரம் இருக்கிறது. நாம் இறங்கிய ஸ்டாப்புக்கே போவோம்."

"அங்கே எதற்கு? அந்தம்மா கண்டக்டரிடமே கொடுக்கவில்லை, புரிகிறதா உனக்கு?"

"நான் அவராக இருந்தால் அங்கேதான் போவேன். நாம் இறங்கியதை அவர் பார்த்தார் இல்லையா? ஒன்றும் ஆகாது என்று நீதானே சொன்னாய்?"

ஊருக்குப் புதியவளிடம், நான் சும்மா ஜம்பத்துக்குச் சொன்னேன் என்றா சொல்வது?

ஆட்டோ திரும்பியது. வழியெல்லாம் நான் நிமிடங்களை எண்ணினேன். அவள் ஜன்னல் இல்லாத ஆட்டோவில் மழையில் கையை நீட்டி விளையாடிக்கொண்டு வந்தாள். இது என்ன நெஞ்சழுத்தம்!

ஐம்பத்திரண்டாவது நிமிடம். கழக்கூட்டம் பஸ் ஸ்டாப்.

பெஞ்சின் ஓரத்தில் மஞ்சள் சேலை. மடியில் பை. பை நனையாமல் மேலே குடை… சேலை முழுக்க நனைந்திருந்தது.

எங்களைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "எங்க போய்த் தொலைஞ்சீய ரெண்டு பேரும்? எவ்ளோ நேரமா இருக்கேன் தெரியுமா? பஸ்ஸுல இருந்து தொண்ட கிழியக் கூப்ட்டேன், ஒருத்தியும் திரும்பல. ஹோட்டல்ல மாவு காத்துக் கெடக்கு. மொதலாளி ரெண்டு தடவ விளிச்சாச்சு!"

பெயர் செல்வி. தென்காசிப் பக்கம். கணியாபுரத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. எங்களுக்காக எதிர்ப் பக்கம் போய் பஸ் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறார்.

"கண்டக்டர்கிட்ட குடுத்திருக்கலாமே அக்கா?" என்று கேட்டேன்.

"அது எப்படி? வெள்ளக்காரப் புள்ள பைய எங்கிட்டல்லா தந்துச்சு? கண்டக்டர்கிட்டயா தந்துச்சு?" நான் கேட்டதே தப்பு என்பது போல ஒரு பார்வை. "இந்தா, பிடி."

வாங்கியது நான்.

வாங்கிய கை தானாக ஜிப்புக்குப் போனது. சர்ரென்று திறந்து, உள்ளே பார்த்தேன். லேப்டாப். சார்ஜர். ஐடி கார்டு. அப்பாடா என்று நிமிர்ந்தால்… செல்வி அக்கா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஐனோ பையை என்னிடமிருந்து வாங்கினாள். ஜிப்பை மூடினாள். தோளில் மாட்டினாள். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"சாரி அக்கா" என்றேன்.

"சாரமில்ல, விடு" என்றார் அவர். பரவாயில்லை என்பதற்கு இந்த ஊர் வார்த்தை. பஸ் ஏறிப் பழகினால் வார்த்தையும் ஒட்டிக்கொள்கிறது.

அதற்குள் ஆற்றிங்கல் பக்கம் போகும் பஸ் வந்துவிட்டது. நல்ல கூட்டம். செல்வி அக்கா ஒரு கையில் குடை, ஒரு கையில் சாப்பாட்டுக் கூடையோடு படியில் தொற்றினார். உள்ளேயிருந்து யாருடையதோ ஒரு கை நீண்டு வந்து கூடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டது. யாரென்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா! பேக்! டோன்ட் ஃபர்கெட்!" என்று கத்தினாள் ஐனோ. பஸ்ஸே சிரித்தது. செல்வி அக்காவும்தான்.

டெமோ பிரமாதமாக நடந்தது. மாலையில் கரமனைக்குத் திரும்பும்போது ஐனோவுக்கு சீட் கிடைத்தது, எனக்கு இல்லை. அவள் ஒன்றும் பேசாமல் என் பைக்குக் கையை நீட்டினாள். கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கேரண்டி கொடுத்தவள் நான். நம்பியவள் அவள்!