மண்டோர் ஏறிய பால் லோரி

போன வாரம் ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் முனியாண்டி அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இடது கையில் வலி, உடம்பெல்லாம் வேர்வை.

"காத்துதான் லா, சோடா குடிச்சா சரியாப் போயிரும்" என்றார் எங்கள் கங்காணி மண்டோர்.

நான் கேட்கவில்லை. ரப்பர் பால் ஏற்ற வந்த லோரியை மறித்து, அண்ணனைக் கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

"பொம்பளைக்கு என்னா அவசரம்!" என்று கத்தினார் மண்டோர்.

இன்று அண்ணன் நடந்தே நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குள் வந்தார்!

"மாரடைப்பாம் தங்கச்சி. நேரத்தோட வந்ததாலதான் பொழைச்சேன்னு டாக்டர் சொன்னாரு."

கூட்டம் கலைந்ததும் மண்டோர் மெல்ல என்னிடம் வந்தார். "மேடு ஏறுனா எனக்கும் நெஞ்ச அடைக்குதும்மா. லோரி எப்ப வரும்?"

லோரி வந்ததும் அவரை முன் சீட்டில் நானே ஏற்றிவிட்டேன். அவர் கையிலிருந்த சோடா போத்தலை மட்டும் பிடுங்கிக்கொண்டேன்.

உங்கள் லயத்தில் எப்படி, சோடாவா லோரியா?