தவளை மாப்பிள்ளைக்கு ஒரு பாட்டு

புதியம்புத்தூரில் நாங்கள் நைட்டி தைக்கும் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு நாடகம் போட முடிவானது. இளவரசி முத்தமிட்டதும் தவளை இளவரசனாக மாறும் கதை. கட்டிங் மாஸ்டர் அதைப் பாட்டுக்குமேல் பாட்டாகச் சிரிப்பு நாடகமாக எழுதினார். முத்தம் மட்டும் ஊருக்கு ஆகாதென்று, மாலை மாற்றுவதாக வைத்துவிட்டார்.

நான் இளவரசி. என் இளைய நாத்தனார் தவளை. அவளுக்குப் பாட்டே கிடையாது, கத்தல் மட்டும்தான். எனக்கோ கடைசியில், தோல் கழன்று இளவரசன் நின்றதும், ஒரு முழுப் பாட்டு. பள்ளிக்கூடத்தில்கூட மேடை ஏறாதவள் நான். அந்த ஒரு பாட்டுக்காக ஒரு மாதம் மிஷின் சத்தத்தை மீறித் தொண்டை கிழியப் பழகினேன்.

சுற்று ஊர்களில் வெள்ளாமை செய்யும் சம்சாரிகளெல்லாம் வந்திருந்தார்கள். கரிசலில் புழுதியிலேயே விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருந்த நேரம். நாங்கள் மாலை மாற்றினோமோ இல்லையோ, கூட்டத்தில் குலவை கிளம்பியது. தவளைக்குக் கல்யாணம் செய்தால் மழை வரும் என்பார்கள். மாஸ்டர் அதை யோசிக்கவே இல்லை. பெண்கள் குடத்தோடு மேடையேறி எங்கள் இருவர் தலையிலும் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். நாத்தனார் தோலைக் கழற்ற ஜிப்பில் கை வைத்ததும் ஒரு பெரியவர் எழுந்துவிட்டார்.

"ஏட்டி, கழட்டாத! வெதச்ச காடு காயுது. மழை வாற வரைக்கும் மாப்பிள்ளை தவளையாவே இருக்கட்டும்!"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "அண்ணாச்சி, அது மனுசன் ஆனாத்தான எனக்குப் பாட்டு!"

"தவளையப் பாத்தே பாடு தாயி. யாரு வேண்டாம்னா?"

விட்டால் பாட்டு போய்விடும். "நிலவு முகத்தழகா" என்று எடுத்து நிமிர்ந்தால், எதிரே ரப்பர் பந்தை வெட்டி ஒட்டிய இரண்டு முட்டைக்கண்கள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூச்சு முட்டிப் பாட்டு பாதியில் நின்றது. ஒரு மாதப் பாடும் போச்சே என்று அழுகையும் வந்தது.

அப்போது தவளைக்குள்ளிருந்து என் பாட்டு கிளம்பியது. பக்கத்து மிஷினில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒரு வரி விடாமல் மனப்பாடம்.

"ஏட்டி, அது என் பாட்டு!" என்று கத்திவிட்டு நானும் சேர்ந்துகொண்டேன். சொட்டச் சொட்ட நனைந்து, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, சிரித்துச் சிரித்துப் பாடி முடித்தோம். கூட்டம் இன்னொரு தடவை பாடச் சொன்னது, பாடினோம். உண்மையைச் சொல்கிறேன், என் சொந்தக் கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.