முடி கட்டிய தூண்டில்

தூண்டில் முள்ளில் மண்புழு கோத்து மீன் பிடிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெண்டாட்டியின் தலைமுடியைக் கட்டி மீன் பிடித்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவருக்குத்தான் என்னைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

கல்யாணமான எட்டாம் மாதம் கப்பலேறி ரங்கூனுக்கு வந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் இருக்கும். அவர் அதற்கு முன்பே ஆறேழு வருஷம் அங்கே இருந்தவர். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளையும் மூட்டைகளையும் எண்ணி எழுதுகிற வேலை. பகலெல்லாம் எண்ணிய பழக்கமோ என்னவோ, வீட்டில் பேச்சையும் எண்ணித்தான் பேசுவார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் நூறு வார்த்தை பேசினால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு 'ம்' வரும். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று மூளையைக் கசக்கியே நாலு மாதம் போயிற்று.

மழை விடுகிற சமயத்தில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் பாயோடு பாயாகக் கிடந்தேன். காய்ச்சல் இறங்கியும் எழுந்து உட்கார முடியவில்லை. ஒரு சாயங்காலம், "எங்கண்ணனுக்குக் கடுதாசி எழுதணும்" என்றேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்தான் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு பாய் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இந்த ஊர்த் தண்ணி எனக்கு ஒத்துக்கல. இந்த மனுசருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. நீ வந்து கூட்டிட்டுப் போகலேன்னா நான் இங்கேயே செத்துப்போவேன்" என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் ஒரு எழுத்து விடாமல் எழுதினார். ஓரிடத்தில் மட்டும் பேனா நின்றது.

"பேச்சுவார்த்தையே கிடையாதுன்னு போட்டுரவா?"

"போடுங்க."

போட்டார். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் தபாலிலும் சேர்த்துவிட்டார். மாசி மாதம் வந்து அழைத்துப் போவதாக அண்ணனிடமிருந்து பதில் வந்தபோது, அதையும் அவர்தான் எனக்குப் படித்துக் காட்டினார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இப்படி ஒரு கல் மனுஷனா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

காய்ச்சலுக்குப் பிறகு என் நாக்கு செத்துப்போயிருந்தது. சோற்றைப் பார்த்தாலே குமட்டல். கடைத்தெரு மீன் வாடை தெரு முனையில் வரும்போதே வயிற்றைப் புரட்டும். மருந்து கலக்கிக் கொடுக்கிற கம்பவுண்டர், "குளத்து மீன் பொடிசா, உயிரோட கொண்டாந்து மிளகு போட்டுச் சாறு வச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே இவர் மூங்கில் கழியைத் தோளில் போட்டுக்கொண்டு, சம்பான் படகில் ஆற்றைக் கடந்து டாலாவுக்குப் போனார். வயல்களுக்கு நடுவே குளம் குட்டைகள் நிறைய உண்டு அங்கே. மத்தியானம் வெறும் சட்டியோடு திரும்பி வந்தார். அடுத்த ஞாயிறும் வெறும் சட்டி. மூன்றாம் ஞாயிறு சட்டியைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து, நான் பார்க்காதபடி கவிழ்த்து வைத்தார்.

"மீனுக்கெல்லாம் இன்னிக்கு விரதமா?" என்று கேட்டேன். வழக்கம்போல 'ம்'.

அந்தச் சமயத்தில்தான் என் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக வரும். முழங்கை கனத்துக்குப் பின்னல் போட்டவள் நான். மார்கழிக்குள் மண்டை தெரிய ஆரம்பித்துவிட்டது. கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். பூக்காரி வந்தால் கதவைத் திறப்பதில்லை, பூவை எதில் வைப்பது? உதிர்ந்த முடியைச் சுருட்டி, பின்பக்கப் பலகைச் சுவரின் இடுக்கில் செருகி வைப்பேன். முடியைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, யார் கையிலாவது கிடைத்தால் செய்வினை வைத்துவிடுவார்கள் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள்.

ஒருநாள் பார்த்தால் இடுக்கு காலி. மறுநாள் செருகியதும் காணோம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு பர்மியப் பெண் இருந்தாள். அவளை 'அமா' என்று கூப்பிடுவேன், பர்மியத்தில் அக்கா. காய்ச்சலில் கிடந்தபோது என் நெற்றியில் தனக்கா மரப்பட்டையைக் குளிர்ச்சிக்கு அரைத்துப் பூசியவள் அவள்தான். நான் அதையெல்லாம் அந்த நிமிஷத்தில் மறந்தேன். முக்காடு போட்டுக்கொண்டு போய், என் அரைகுறை பர்மியத்தில், "என் முடியை எடுத்தது நீதானே?" என்று கேட்டுவிட்டேன்.

அமா வாயிலிருந்த சுருட்டை எடுத்தாள். உச்சிக் கொண்டையை அவிழ்த்தாள். முடி முழங்காலையும் தாண்டி இறங்கியது. "எனக்கு இது போதாதா?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு சுருட்டாலேயே எங்கள் வீட்டுப் படிக்கட்டின் அடியைச் சுட்டிக் காட்டினாள். "உன் வீட்டுக்காரர் எடுத்ததை நான் பார்த்தேன். அங்கேதான் வைக்கிறார்."

படிக்கட்டின் அடியில் ஒரு சிகரெட் டின் இருந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு சின்னத் தூண்டில் முட்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் மிளகளவு ஈயம், அதற்குக் கீழே ஒரு சிட்டிகை முடி. சிலவற்றில் குதிரைவண்டிக் குதிரையின் வால்முடி. மற்றதெல்லாம் என்னுடையது.

அன்று அவர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் டின்னை முன்னால் வைத்தேன். "என்னங்க இது? நான் வெக்கப்பட்டு ஒளிச்சு வைக்கிறதத் திருடி மீனுக்குப் போடுறீங்களா? அதுவும் செத்த மசிரு!" நல்ல கோபத்தில் இருந்தேன், அந்த வார்த்தையே வாயில் வந்துவிட்டது.

அவர் டின்னைக் கையில் எடுத்தார். அதற்கப்புறம் நடந்ததுதான் அதிசயம். அவர் பேசினார்.

"பனியில மீனு புழுவத் தொடாது புள்ள. அடியில போயி அசையாமப் படுத்துரும். தொரத்தி வந்து கடிக்காது. மூக்குக்கு முன்னால மெதுவா ஒண்ணு ஆடணும், அப்பத்தான் வாயத் தொறக்கும். போன ஞாயித்துக்கிழமை என் சட்டையில ஒட்டியிருந்த உன் முடி ஒண்ணு முள்ளுல சிக்கிருச்சு. எடுக்காமப் போட்டேன். புழு இல்லாத முள்ள ஒரு மீனு வந்து மோந்துச்சு. கடிக்கல, ஆனா மோந்துச்சு! தேயிலைப் பெட்டிக்குள்ள ஈயத்தாள் ஒட்டியிருக்கும்ல, கிழிஞ்ச பெட்டியில இருந்து அதை எடுத்து உருக்கினேன். குதிரை முடி கட்டினா வெளக்குமாறு மாதிரி வெறச்சுக்கிட்டு நிக்குது. உன் முடி அப்படி இல்ல. காய்ச்சல்ல மெலிஞ்ச முடி. தண்ணிக்குள்ள அது மூச்சு விடுது."

கல்யாணமாகி அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் அத்தனை பேசியது அன்றுதான். நான் தொடவே அருவருத்த முடியை இந்த மனிதர் இடுக்கு இடுக்காகத் தேடி எடுத்து, மெழுகு தேய்த்த நூலால் ஒவ்வொன்றாகக் கட்டியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் ஒரு முள்ளை எடுத்து முடியை இழுத்துப் பார்த்தேன். மொத்தமாக உருவிக்கொண்டு வந்தது.

"இப்படிக் கட்டினா எந்த மீனு கிடைக்கும்? இது என்ன, மூட்டைக்குப் போடுற முடிச்சா?"

"அதுதான் எனக்குத் தெரியும்" என்றார் பாவமாக.

நூலைப் பிடுங்கினேன். பூக் கட்டுகிற வீட்டில் பிறந்தவள் நான். இடது கை விரலில் நூலைப் பிடித்து, வலது கையால் ஒரு வளையம் போட்டு, காம்பை உள்ளே விட்டுச் சுண்டினால், மல்லிகை வாடி உதிரும் வரை முடிச்சு அவிழாது. மல்லிகைக் காம்பு இருக்கிற இடத்தில் ஒரு சிட்டிகை முடி, அவ்வளவுதான். ஈயத்துக்குக் கீழே வைத்து, இரண்டு வளையம், ஒரு சுண்டு. மாதக்கணக்கில் பூவைத் தொடாத விரல்களுக்கு அது பிடித்திருந்தது. விளக்கேற்றுவதற்குள் எட்டு முள் கட்டினேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ மெதுவாக் கட்டு புள்ள" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு போனார். தலையில் அவருடைய துண்டை இறுகக் கட்டிக்கொண்டேன். ஆற்றின் மேல் பனி. அக்கரை தெரியவில்லை, சம்பான்காரனின் துடுப்புச் சத்தம்தான் கேட்டது. டாலாவில் இறங்கி வரப்பில் நடந்து ஒரு தாமரைக் குளத்துக்குப் போனோம். தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போனது.

"வீசாத. அப்படியே எறக்கு. அடியத் தொட்டதும் ஒரு சாண் தூக்கு. அப்புறம் சும்மா இரு. உன் கை நடுங்குற நடுக்கமே போதும்."

சும்மா இருப்பது எனக்குச் சுலபமான காரியமா? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வெகுநேரம் கழித்து, எறும்பு கடித்த அளவுக்கு விரலில் ஒரு சுருக். "தூக்கு" என்றார். தூக்கினேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு பனையேறி மீன், செவுளை விரித்துக்கொண்டு துள்ளியது. நான் போட்ட கூச்சலில் குளத்திலிருந்த கொக்கெல்லாம் எழும்பிவிட்டது. அவர் சிரித்தார். அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஒன்பது மீன் கிடைத்தது. வீட்டுக்கு வந்த பிறகும் சட்டிக்குள் உயிரோடு முட்டிக்கொண்டிருந்தன. ஒன்று தாவிக் குதித்து அடுப்படியில் நடை போட்டது. அமா பார்த்துவிட்டு, உயிரைக் கொல்வது பாவம் என்று சொல்லி உச்சுக் கொட்டினாள். வறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்த இரண்டை, "கௌண்டே, கௌண்டே" என்று சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள். நல்லது என்று அர்த்தம். அவளைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க எனக்குப் பர்மியம் போதவில்லை. மீன்தான் கேட்டது. நான் மிளகுச் சாறு ஊற்றிப் பிசைந்து, ஒரு தட்டுச் சோறு தின்றேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் டாலாதான். சனிக்கிழமை சாயங்காலம் நான் முள் கட்டுவேன், அவர் நூலுக்கு மெழுகு தேய்ப்பார். வெயில் ஏறினால் மீன் தாமரைத் தண்டு ஓரத்துக்கு வரும் என்பார். மேக மூட்டமானால் ஆழத்திலேயே கிடக்கும் என்பார். எல்லாம் மீன் பேச்சுதான், ஆனாலும் பேச்சு. நான் முடி உதிர்ந்தால் அழுவதை விட்டேன். "இந்தாங்க, ரெண்டு முள்ளுக்கு ஆச்சு" என்று கையில் கொடுப்பேன்.

ஆனால் மாசி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் போகப் பிடிக்கவில்லை. அதை எப்படிச் சொல்வது? செத்துப்போவேன் என்று கடுதாசி எழுதச் சொன்னவள் நான், எழுதியவர் அவர். வேண்டாம் போகாதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று காத்திருந்தேன். அவர் அந்த ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் பேசினார். போகவேண்டும் என்று கேட்டவளைத் தடுப்பது முறையல்ல என்று நினைத்திருப்பார். பாழாய்ப்போன முறை.

அண்ணன் வந்து இறங்கினான். வாசலில் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த மூட்டையைக் கீழே போட்டான். "தலை என்னம்மா இப்படி ஆயிருக்கு?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். மிச்சமிருந்த நாலு இழை தோளில் முட்டிக்கொண்டு நின்றது. அதற்கடியில் புதுமுடி குத்துக் குத்தாக விரல் அகலத்துக்கு முளைத்திருந்தது. சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் பேச்சை எடுத்தான்.

"அந்தக் கடுதாசி உங்க எழுத்துதானே மாப்ள?"

"ஆமா மச்சான். அவ சொன்னா, எழுதினேன்."

"அப்ப அடுத்த கப்பலுக்குக் கூட்டிட்டுப் போகவா?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"கூட்டிட்டுப் போங்க. ஆனா இந்தத் தலையோட போயி எறங்கினா அத்தை மனசு தாங்காது. ஊருல நாலு பேரு, புருசன் என்ன ஆனான்னு கேப்பாங்க. இடுப்பு வரைக்கும் வளரட்டும். வளர்ந்ததும் நானே கப்பலேத்தி அனுப்புறேன்."

அண்ணன் யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது அவனுக்கு. "நீ என்னம்மா சொல்ற?" என்று கதவைப் பார்த்துக் கேட்டான். "அவங்க சொல்றதுதான் சரி" என்றேன். குரல் நடுங்காமல் சொன்னதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

அண்ணன் தனியாகத்தான் கப்பலேறினான். அடுத்த மார்கழிக்குள் உடம்பு தேறிவிட்டது. முடி கழுத்தைத் தாண்டிக் கருகருவென்று வளர்ந்திருந்தது. சீப்பு போட்டால் ஒரு இழைகூட வராது. முதல் பனி விழுந்த சனிக்கிழமை அவர் குதிரைவண்டிக்காரனிடம் போய் ஒரு பிடி வால்முடி வாங்கி வந்தார். "உனக்குத்தான் கொட்டுறது நின்னுருச்சே. இனி இதுதான்" என்று சொல்லிவிட்டு, மெழுகுக் கட்டியைத் தேடினார்.

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். புருஷன் உயிரோடு இருக்கும்போது தலைமுடியில் இரும்பு வைத்தவள் எங்கள் குடும்பத்தில் ஒருத்தியும் கிடையாது. பின்னலை முன்னால் இழுத்து, நுனியில் நாலு விரல் அளந்து வெட்டி அவர் முன்னால் வைத்தேன்.

அவர் பதறிப்போனார். "என்ன புள்ள இது? இப்படி வெட்டினா எப்பத்தான் இடுப்பு வரைக்கும் வளரும்?"

"வளராது" என்றேன். "நூலை எடுங்க."