மீன்களும் நோன்பு பிடித்த மாதம்

சென்ற வருட நோன்பு மாதம். கல்முனையில் எங்கள் வீட்டு மண்டபத்தில் மகன் ஒரு கடல்நீர் மீன்தொட்டி வைத்திருந்தான். கத்தாருக்கு வேலைக்குப் போகும்போது, "பெருநாளைக்கு வருவன். அதுவரைக்கும் பார்த்துக்கங்க வாப்பா" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டி போட்ட ஏழு மீன்கள். விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் எண்ணிப் பார்ப்பேன். ஏழும் இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

நோன்பு தொடங்கியபின் தொட்டியில் பாசி பிடித்தது. கல்லிலெல்லாம் பச்சை மயிர் முளைத்ததுபோல் இருந்தது. பிடுங்கினேன், மறுபடியும் வந்தது. கடலுக்குப் போய்க் கேன்களில் தண்ணீர் கொண்டுவந்து மாற்றினேன். வெயில் படாமல் யன்னல் சீலையை இழுத்துவிட்டேன். எதற்கும் அது அடங்கவில்லை. ஒரு நாள் காலை எண்ணினால் ஆறு! ஒன்று செத்துக் கிடந்தது. மகன் வீடியோவில் கதைத்தபோது நான் தொட்டிப் பக்கம் போனைத் திருப்பவே இல்லை.

இந்தப் பாசி எதைத் தின்று இப்படி வளர்கிறது? அதைக் கண்டுபிடிக்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்திரிகையை விரித்துக்கொண்டு தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தேன்.

முதலில் மனைவி வந்தாள். பிஸ்மி சொல்லி மீன்களுக்கு ஒரு சிட்டிகை தீன் போட்டாள். அடுத்து அவளுடைய தங்கை. மதியம் லுஹர் தொழுகைக்கு என்னைப் பள்ளிக்குக் கூட்டிப்போக வந்த பக்கத்து வீட்டு மச்சானும் ஒரு சிட்டிகை போட்டார். மீன்கள் தின்று மிஞ்சியது அடியில் கிடந்து அழுகித் தண்ணீரைக் கெடுத்தது. பாசிக்குத்தான் விருந்து.

"என்ன மச்சான் இது?"

"நோம்பு மாசம். வாயில்லாச் சீவனுக்குத் தீன் போட்டா எவ்வளவு நன்மை!"

"நன்மை உங்களுக்கு. மவுத்து மீனுக்கு."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "எங்கள ஏசுறீங்க, விடியப்பொறம் நீங்க போடல்லியா?"

போட்டிருந்தேன். எண்ணி முடித்ததும் ஒரு சிட்டிகை போடுவது என் வழக்கம். என்னை மட்டும் நான் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

"அப்ப அதுகளும் நோம்பு பிடிக்கட்டும்" என்று சிரித்தார் மச்சான்.

அதையே சட்டமாக்கினோம். தீன் டப்பாவை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். மாலையில் நாங்கள் நோன்பு திறந்தபின் ஒருவர் மட்டும், ஒரே சிட்டிகை. பகலில் கை சும்மா இருக்காதவர்கள் விடியுமுன் ஸஹருக்கு ஆக்கி மிஞ்சிய சோற்றை மதிலில் காகத்துக்கு வைத்தார்கள். அடி அழுக்கைக் குழாயால் உறிஞ்சி எடுத்துப் பாசியைப் பிடுங்கினேன். இம்முறை அது மெல்ல மெல்ல அடங்கிற்று.

பெருநாளுக்கு முதல் நாள் வந்த மகன், பையைக்கூட வைக்காமல் தொட்டிக்கு முன்னால் குந்தி எண்ணினான்.

"ஆறுதான் இருக்கு, வாப்பா."

"ஓம் மகன். ஒண்டு எங்கட அன்பு தாங்காமப் போயிற்று."

இப்போதும் வீட்டில் ஏதாவது கெட்டுப்போனால், யார் கவனிக்காமல் விட்டது என்று தேடுமுன், எத்தனை பேர் கவனித்தோம் என்று என்னிலிருந்தே எண்ணத் தொடங்குகிறேன்.